அருவி இல்லாத ஊரில் ஓர் உலை

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் ஆம்பூரில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது பிடிக்காது. நாங்கள் எல்லாரும் சாய்பு என்றுதான் கூப்பிட்டோம். தோல் பதனிடுகிற அவருடைய டேனரியில் ஒன்பது வருஷம் ஸ்டீம் இன்ஜின் ஓட்டினேன், அதனால் எல்லாருக்கும் நான் 'டைவர்'. தண்ணீர் இறைக்கவும் தோலைப் பதப்படுத்தும் பட்டையை அரைக்கவும் அந்த இன்ஜின். ஒன்பது வருஷத்தில் கடைசிப் பதினேழு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் எனக்குக் குறையில்லாமல் கழிந்தது. அந்தப் பதினேழு நாள்தான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

சாய்புவின் வாயில் எந்நேரமும் ஒரே சொல்தான். எது இல்லை என்றாலும், "கொண்டாந்துடலாம்" என்பார். அவர் சம்சாரம் ஆலங்காயத்துப் பெண். அங்கே கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த அந்தம்மா ஆம்பூர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் அழுதாராம். வைக்க முடியாதுதான். ஊரில் உள்ள டேனரியெல்லாம் உப்பையும் சுண்ணாம்பையும் ஆற்றங்கரையில் கொட்டினால் கிணறு வேறெப்படி இருக்கும்? "தண்ணிதானே, கொண்டாந்துடலாம்" என்றார் சாய்பு. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு மாட்டுவண்டி பீப்பாயோடு ஆலங்காயம் போய் வந்தது. வழியில் மாடு குடித்தது போக, வண்டிக்காரன் குளித்தது போக, மேடு பள்ளத்தில் தளும்பி வழிந்தது போக, வீடு வந்து சேர்வது பாதிப் பீப்பாய். நான் ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன். "பாதி வருதில்ல, டைவரே?" என்றார். அப்படித்தான் அந்த மனுஷன். வழியில் போன பாதி அவர் கண்ணில் படவே படாது.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. ஆம்பூர் வாணியம்பாடித் தோல் தொழிலே அப்படி வளர்ந்ததுதானே. பச்சைத்தோல் வங்காளத்திலிருந்து ரயிலில் வந்தது. ஆவாரம்பட்டை மைசூர்க் காட்டிலிருந்து வந்தது, அது போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வேறு பட்டை வந்தது. மீன் எண்ணெய் மலையாளக் கரையிலிருந்து வந்தது. இந்த ஊரிலே சொந்தமாக இருந்தது கையும் காலும் மட்டும்தான். எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தால் தொழில் தானாக நடக்கும் என்பது இங்கே பிறந்த எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறியது. சாய்புவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக ஊறியிருந்தது.

அப்புறம் உலகம் முழுக்க வியாபாரம் படுத்தது. சீமையில் தோலைக் கேட்க ஆளில்லை. டேனரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. வேலையில்லாதவர்கள் மூட்டை கட்டிக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். எங்கள் டேனரியில் நாற்பது குடும்பம். சுண்ணாம்புக் குழியில் தோல் அலசுகிற கன்னியம்மாதான் முதலில் கிளம்பினாள், புருஷன், ரெண்டு பிள்ளை, ஒரு தகரப் பெட்டியோடு. சாய்புவுக்குச் சேதி தெரிந்து, செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ரயில் பெட்டிக்குள் ஏறி அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார்.

"கோலாருக்கு இன்னாத்துக்கு போறீங்க? பூமிக்குள்ள எறங்கறதுக்கா?"

"பூமிக்கு மேல சோறு இல்லியே, சாய்பு" என்றாள் கன்னியம்மா.

"எனக்கு ஆறு மாசம் குடு. ஒங்க யாரையும் ஊர உட்டு அனுப்ப மாட்டேன். வேலைய இங்க கொண்டாரது என் பொறுப்பு."

எல்லார் முன்னாலும் சொன்னார். மற்ற முப்பத்தொன்பது குடும்பமும் அன்று சாயங்காலத்துக்குள் அதைக் கேள்விப்பட்டு, கட்டின மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள். அவரிடம் ஒரு வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் அலுமினியத் தகடு வரவழைத்து, குடமும் சொம்பும் அடிக்கலாம் என்று பார்த்தார். தகடு கப்பலில் வருகிறது. அதை வாங்கி அடித்து விற்றால் பத்துக் குடும்பத்துக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. தகடு விற்கிறவன்தான் பிழைத்தான். "அந்தத் தகட்டையே நாம செஞ்சா?" என்று சாய்பு கேட்டார். நல்ல கேள்விதான். அந்த நேரம் பார்த்து வேலூரிலிருந்து காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து தொலைத்தார்.

வாத்தியார் நல்லவர், மெல்லிய மனுஷன். உலோகம் உருக்குகிற கிண்ணம் மாதிரி கையடக்கமான ஒரு கரி மூசையில் ஏதோ வெள்ளை உப்பை உருக்கி, அதில் வெள்ளைப் பொடி தூவி, ரெண்டு கம்பி வைத்து, தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து மின்சாரம் விட்டார். ஆறின பிறகு மூசையை உடைத்தால் உள்ளே புளியங்கொட்டை அளவு உலோகம் பளபளவென்று கிடந்தது. சாய்பு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கினார்.

"இதுக்கு மூலம் மண்ணு" என்றார் வாத்தியார். "சேர்வராயன் மலையில குவிஞ்சி கெடக்கு. அந்த மண்ணைச் சோடாக் காரத்துல வேகவெச்சி அலசி எடுத்தா இந்த வெள்ளைப் பொடி. ஆனா இரும்பு மாதிரி இத நெருப்புல பிரிக்க முடியாது, சாய்பு. மின்சாரந்தான் பிரிக்கும். அதுவும் எக்கச்சக்கமா. அதனாலதான் மத்த தேசத்துல அருவி எங்க இருக்கோ அங்க கொண்டுபோயி உலைய வெக்கிறான்."

"மண்ணு கொண்டாந்துடலாம்" என்றார் சாய்பு. "உப்பு கப்பல்ல வரட்டும். இங்க இன்ஜின் இருக்கு, டைவர் இருக்கார். அருவி எதுக்கு?"

இங்கேதான் எல்லாம் சறுக்கியது. தோல்காரர் மூளை அது. மண்ணைப் பச்சைத்தோல் என்று நினைத்தார், மின்சாரத்தைப் பட்டை என்று நினைத்தார். பட்டையை வண்டியில் ஏற்றித் தோல் இருக்கிற இடத்துக்குக் கொண்டு வருவதுதான் அவருக்குத் தெரிந்த வழி. இந்தத் தொழிலில் தோல்தான் பட்டையைத் தேடிப் போக வேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொன்னேன். சிலேட்டில் எழுதியே காட்டினேன்.

"சாய்பு, இந்த இன்ஜின் ஒரு வண்டி வெறகு தின்னா, அதுல வர்ற மின்சாரத்துக்கு ரெண்டு கொடம் செய்யற உலோகம்தான் கெடைக்கும். ரெண்டே ரெண்டு கொடம்."

"ரெண்டு வருதில்ல?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் சிலேட்டைத் தூக்கிக் கீழே போட்டேன். அவர் குனிந்து எடுத்துத் துடைத்து என்னிடமே கொடுத்தார். "டைவரே, அஞ்சு மாசம் இருக்கு. வேற வழி ஒன்னு சொல்லு, இத உட்டுடறேன்" என்றார். என்னிடம் வேறு வழி இல்லை. அன்றே வேலையை விட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அந்த நாற்பது வீட்டுக்காரர்கள் முகமும் எனக்கும் பழக்கம்தானே.

சாய்பு மதராஸுக்குப் போய் மின்சார இலாகாவில் ஒரு பெரிய இன்ஜினீயரைப் பார்த்தார். நீலகிரியில் அருவியிலிருந்து மின்சாரம் எடுக்க ஆரம்பித்திருந்த சமயம் அது. மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஆம்பூருக்குக் கம்பி இழுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். "இழுப்போம். விளக்குக்கும் பம்புக்கும் தருவோம். உலைக்குக் கட்டுப்படியாகாது. உங்களுக்கு உலோகம் வேணும்னா அணைப் பக்கம் போயிடுங்க" என்றாராம் அவர். ரயிலிலிருந்து இறங்கி வந்த சாய்பு என்னிடம் இதைச் சொல்லிவிட்டு, "நாப்பது குடும்பத்தையும் தூக்கிக்கினு அணைக்கட்டுக்கா போவேன்? அதுக்குக் கோலாரே மேலில்ல?" என்றார். பல வருஷம் கழித்து அந்தக் கம்பி உண்மையாகவே ஆம்பூருக்கு வந்தது. கடைத்தெருவில் முதல் விளக்கு எரிந்தபோது ஊரே கூடி நின்று பார்த்தது. சாய்பு வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

உலை எழும்பியது. மாட்டுத்தொட்டி நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி, உள்ளே முழுக்கக் கரிப்பூச்சு. மேலேயிருந்து கரித்தண்டுகள் தொங்கும். பழைய டைனமோ ஒன்று மதராஸ் முலாம் கடையிலிருந்து வந்தது. சேர்வராயன் மண்ணைக் காரத்தில் வேகவைத்து, டேனரியின் சுண்ணாம்புக் குழிகளிலேயே ஊறவைத்து, அலசி, தெளியவைத்து எடுத்தார்கள். ஊறவைப்பதும் அலசுவதும் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத வேலை. கன்னியம்மா வடித்தெடுத்த பொடியைப் பார்த்து வாத்தியாரே அசந்துபோனார். தோலுக்குப் பதிலாக வெள்ளைப் பொடியைக் காயவைத்துவிட்டு, பெண்கள் நிழலில் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க எனக்குப் பேஜாராக இருந்தது.

உலையைப் பற்ற வைத்த அன்று வாத்தியார் என்னைத் தனியாக அழைத்தார். "டிரைவர், ஒன்னு மட்டும் மறந்துடாதீங்க. மின்சாரம் நின்னா உள்ளே உருகி இருக்கறது உறைஞ்சிடும். கொஞ்ச நேரம்னா மீட்டுடலாம். அரை நாள் ஆச்சுன்னா மொத்தமும் பாறை. கரி வெடிச்சிடும். தொட்டியையே தூக்கிப் போடணும். உப்பும் அவ்வளவுதான், வேற வாங்க அவர்கிட்ட வழி இல்ல."

ஆக, இன்ஜின் நிற்கக்கூடாது. தூங்காத ஒரு குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிற மாதிரி, நானும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்து அதை ஓட்டினோம். ஒரு நாளைக்கு ஆறு வண்டி விறகு. ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம் ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து வரும். வண்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும், காலி வண்டிகள் போய்க்கொண்டே இருக்கும்.

நான்காம் நாள் முதல் உலோகம் எடுத்தோம். வாத்தியார் இரும்புக் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றினார். ஆறின கட்டியை ஆளுக்கு ஆள் கைமாற்றித் தூக்கிப் பார்த்தார்கள். "இன்னா சாய்பு, கனமே இல்ல!" என்று கன்னியம்மாவின் புருஷன் வியந்தான். சாய்பு அதைத் துணியில் சுற்றிப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார். அந்த மூன்று நான்கு நாள் நான்கூட நம்பினேன். சிலேட்டுக் கணக்கை மறந்துவிட்டு நம்பினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பதினான்காம் நாள் மழை பிடித்தது. எத்தனையோ வருஷமாக மணலாகக் கிடந்த பாலாற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது என்று ஊரே பார்க்கப் போனது. வழியிலுள்ள கானாறுகள் எல்லாம் பொங்கிவிட்டன. விறகு வண்டிகள் அக்கரையில் நின்றுவிட்டன. எங்கள் முற்றத்தில் ஒரு நாள் விறகு மீதி இருந்தது.

அது தீர்ந்ததும் கிடங்கில் இருந்த ஆவாரம்பட்டைக் கட்டுகளைப் போட்டோம். தோல் காயவைக்கிற கம்புகளைப் போட்டோம். டேனரியின் கதவு, சன்னல், கணக்குப்பிள்ளை உட்காரும் மேசை எல்லாம் போயிற்று. பதினாறாம் நாள் சாய்பு தன் வீட்டு அலமாரிகளைக் கொண்டுவந்தார். அந்தம்மா தன் சீதனக் கட்டிலைத் தானே கழற்றி அனுப்பினார். சாய்பு கோடாலியை யாரிடமும் கொடுக்கவில்லை. அந்தக் கட்டிலைத் தானே வெட்டினார். அவர் விரலெல்லாம் கொப்புளம். "இன்னும் ஒரு நாளு, டைவரே. தண்ணி வடிஞ்சிடும். ஒரே நாளு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கொதிகலனைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் நடுப்பகல். அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. அப்போது கன்னியம்மா மழையில் நனைந்துகொண்டே வந்தாள். தலைமேல் ஒரு கதவு. அவள் வீட்டுக் கதவு. கீல் ஒன்று பிய்ந்து தொங்கியது. அவள் பின்னால் அவள் புருஷன் கூரை மூங்கிலை இழுத்துக்கொண்டு வந்தான். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஏழு வீட்டுக்காரர்கள், ஆளுக்கொரு பலகை, ஆளுக்கொரு விட்டம்.

"போடுங்க, டைவர்" என்றாள். "எங்க ஊடு அப்புறம் கட்டிக்கிறோம். இது நின்னுடக்கூடாது."

நனைந்த கதவு அது. பத்து நிமிஷம்கூட எரியாது. அந்த எட்டு வீட்டையும் பிரித்துப் போட்டால் ரெண்டு மணி நேரம் ஓடும். அப்புறம் மற்ற முப்பத்திரண்டு வீடும் வரும். வெளியே அடைமழை கொட்டுகிறது, எல்லா வீட்டிலும் பிள்ளைகள். நான் யாரையும் கேட்கவில்லை. எழுந்து போய் நீராவி வால்வை மூடினேன்.

இன்ஜின் சக்கரம் மெல்ல மெல்லச் சுற்றி நின்றது. பதினேழு நாளாகக் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் இல்லாமல் போனதும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சாய்பு வந்து வால்வுச் சக்கரத்தின்மேல் கை வைத்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தம் மீதி இருந்தது; திறக்க நினைத்தால் திறந்திருக்கலாம். நான் நகர்ந்து வழிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், கதவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கன்னியம்மாவைப் பார்த்தார். சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். போய் அவள் தலையிலிருந்த கதவை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"வா. மாட்டிக் குடுத்துட்டு வர்றேன்" என்றார்.

அன்று மிச்சப் பகல் முழுவதும் அவர் அதைத்தான் செய்தார். வீடு வீடாகப் போய்க் கதவை நிறுத்தினார், கூரை மூங்கிலைத் தூக்கிக் கட்டினார். ஆணி அடிக்க வராது அவருக்கு. விரலில் அடித்துக்கொண்டு, மறுபடியும் அடித்தார். அந்த நேரத்தில் இங்கே உலை ஆறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் உள்ளே கரி வெடிக்கிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வாத்தியார் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுநாள் காலை மழை விட்டு, கானாறு வடிந்து, பதினெட்டு வண்டி விறகு வரிசையாக வாசலில் வந்து நின்றது. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது. சாய்பு வண்டிக்காரர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த மாதமே கோலாருக்குக் கிளம்பினார்கள். முதலில் பதினோரு குடும்பம். சாய்புவும் ஸ்டேஷனுக்கு வந்தார், இந்த முறை நடந்து வந்தார். யாருடைய மூட்டையையும் இறக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கி ரயில் பெட்டிக்குள் விட்டார். கன்னியம்மா ஏறுவதற்கு முன் அவரிடம் வந்து சாவியை நீட்டினாள். அவர் மாட்டிக் கொடுத்த கதவின் சாவி அது.

"ஊட்டு சாவி, சாய்பு. நீங்க வெச்சிக்கங்க. கரண்டு வந்துட்டா ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. ஓடியாந்துடறோம்."

அவர் கையை நீட்டவில்லை.

"வாணாம்மா. எடுத்துக்கினு போ. நான் சொல்லி அனுப்ப மாட்டேன்."

"எங்க மேல கோவமா?"

"கோவமில்லம்மா. ஒங்க முன்னாடி இன்னொரு வாட்டி பொய் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

அவள் சாவியை நீட்டியபடியே நின்றாள். ரயில் விசில் கொடுத்தது. சட்டென்று குனிந்து அதை அவர் காலடியில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கி வந்து, ஒவ்வொருவராக அவரவர் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினார்கள். ரயில் போய், புகை கலைந்து, போர்ட்டர் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை சாய்பு காலை நகர்த்தாமல் நின்றார்.

சாவிகளை நான்தான் பொறுக்கினேன். அவரிடம் கொடுக்கப் பலமுறை போனேன், ஒரு தடவையும் வாங்கவில்லை. பதினொன்றும் என் பெட்டியில்தான் இருக்கின்றன. இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.